ஓடைக்கரைச் சோலையை மீட்டெடுக்க: நீலகிரிக்கான வேலை முறை

நீலகிரியில் ஓடைக்கரையை மீட்கும் வேலை பெரும்பாலும் வெட்டும்போதே கெட்டுப்போகிறது. சீகையும் (வாட்டில் மரம்) உண்ணிச்செடியும் (லாண்டானா) வெளியிலிருந்து வந்தவை என்று தெரிந்ததும் ஒரே கோடையில் கரை முழுவதையும் மொட்டையடித்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்குக் கரை ஓடைக்குள் சரிகிறது. மண்ணுக்குள் பல வருடமாகக் கிடந்த சீகை விதை வெயில் பட்டதும் நாற்றங்காலில் தெளித்த நெல்லைப் போல நெருக்கமாக முளைத்துவிடுகிறது. இடையில் நட்ட சோலைக் கன்றுகள், அதாவது இந்த மலையின் இயற்கையான பசுமைக் காட்டு மரங்களின் கன்றுகள், டிசம்பர் உறைபனியில் கருகுகின்றன. மூன்றாம் வருடம் பார்த்தால் கரை முன்பிருந்ததைவிட மோசம்.

ஆகவே கீழே வரும் எல்லா வேலைக்கும் ஒரே விதி: கரையில் நிழல் அறுபடக்கூடாது. எதை எடுக்கிறீர்களோ, அந்த இடத்தை மூட இன்னொன்று முன்பே வளர்ந்து நிற்க வேண்டும். பழனி மலையின் மேல்பகுதிக்கும், அதாவது கொடைக்கானல் சுற்றுவட்டாரத்துக்கும், இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நடந்து பாருங்கள்

ஊற்றுக்கண்ணில் தொடங்கி உங்கள் எல்லை முடியும் வரை இரண்டு முறை நடக்க வேண்டும். ஒன்று மார்ச் மாதம். எங்கே தண்ணீர் வற்றுகிறது, எங்கே மோட்டார் போட்டு இறைக்கிறார்கள், எங்கே மாடு இறங்கிக் கரையை மிதிக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இன்னொன்று கனமழையின்போது, ஓடைக்குள் இறங்காமல் மேட்டில் நின்றபடி. கலங்கல் எந்தப் பக்கத்திலிருந்து சேர்கிறது, சாலையின் சிறுபாலத்திலிருந்து விழும் தண்ணீர் எங்கே மண்ணை அறுக்கிறது, எந்தக் காய்கறித் தோட்டத்தின் வடிகால் நேராக ஓடைக்குள் வருகிறது என்று அந்த ஒரு மணி நேரம் காட்டிக் கொடுத்துவிடும்.

50 மீட்டருக்கு ஒரு குறிப்பு போதும்: கரையின் உயரம், அடிமண் அரித்துத் தொங்குகிறதா, எந்தச் செடி மூடியிருக்கிறது, ஓடை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் எவ்வளவு வானம் தெரிகிறது. ஒவ்வொரு இடத்திலும் அதே கல்லில் நின்று அதே திசையில் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து நினைவை நம்பி எதையும் ஒப்பிட முடியாது.

முதிர்ந்த சீகைத் தோப்பாக இருந்தால் கட்டாயம் அடியில் குனிந்து தேடுங்கள். பக்கத்தில் சோலை இருந்தால், பறவை போட்ட விதையிலிருந்து நாவல் வகைகளும் லிட்சியாவும் காட்டு லவங்கமும் சீகை நிழலிலேயே முளைத்திருக்கும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரத்தில் முழங்கால் உயரக் கன்று இருபதுக்கு மேல் இருந்தால் அங்கே நடவே வேண்டாம். அவற்றுக்கு மேலிருக்கும் சீகையைப் படிப்படியாகக் குறைத்தால் போதும். இருபது என்பது ஏக்கருக்கு 800 கன்றுக்குச் சமம். நட்டாலும் அவ்வளவுதான் நடுவோம்.

மரம் நடக்கூடாத கரை

ஊட்டிக்கு மேற்கே, அவலாஞ்சி, மேல்பவானி, முக்குருத்தி பக்கம் ஓடைகள் பல இடங்களில் புல்வெளிச் சதுப்பு வழியாகவே ஓடுகின்றன. கால் வைத்தால் பஞ்சாக அமுங்கும் கறுத்த மண், கோரை, தாழ்ந்த புல். அங்கே மரம் இல்லாதது குறை இல்லை, அந்த இடத்தின் இயல்பே அதுதான். அதில் சோலைக் கன்று நட்டால் வேர் அழுகிச் சாகும். தப்பித் தவறிப் பிழைத்தால் சதுப்பை வற்றச் செய்யும். இப்படிப்பட்ட இடத்தில் வேலை மூன்றுதான்: உள்ளே நிற்கும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் எடுப்பது, நீரை வடிக்க வெட்டிய கால்வாய்களை அடைப்பது, மாட்டைத் தடுப்பது. மீதியைச் சதுப்பு பார்த்துக்கொள்ளும். சோலை எங்கே இருந்தது, புல் எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் அந்த ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். தோடர், படுகர், கோத்தர் ஊர்களில் மேய்ச்சல் நிலமும் சோலையும் எது எது என்று தெளிவாகச் சொல்வார்கள்.

அனுமதி

வனத்துறை நிலம் என்றால் அவர்களோடு சேர்ந்து மட்டுமே. 2022இல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கும் சூழலை மீட்பதற்கும் தனிக் கொள்கையே வெளியிட்டிருப்பதால் பேச்சைத் தொடங்குவது இப்போது எளிது. பட்டா நிலத்தில்கூட மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சீகையும் கற்பூர மரமும் ஆனாலும் கேட்டுவிட்டே கத்தியை எடுங்கள். ஓடைப் புறம்போக்கு வருவாய்த்துறைக்குச் சொந்தம், கிராம நிர்வாக அலுவலரிடம் அளவு காட்டச் சொல்லுங்கள். பொக்லைன் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அது ஒரு மணி நேரத்தில் கரையைக் கிளறிப்போட்டால் மூன்று மழைக்காலத்துக்கு மண் ஓடைக்குள் போய்க்கொண்டே இருக்கும்.

செடிக்கு முன் தண்ணீர்

சாலை வடிகால் விழுந்து கரையில் பள்ளம் அறுத்திருந்தால், அதைச் சரிசெய்யாமல் நடும் கன்றெல்லாம் வீண். ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழமுள்ள பள்ளத்துக்குக் கொம்புத் தடுப்பு போதும். வெட்டிய சீகையின் காய்ந்த கிளைகளே இதற்குப் பொருள். காய் இருந்தால் முதலில் உதிர்த்து அப்புறப்படுத்துங்கள்.

மணிக்கட்டுக் கனமுள்ள 1.2 மீட்டர் முளைகளைப் பள்ளத்துக்குக் குறுக்கே 40 முதல் 50 செ.மீ. இடைவெளியில், பாதி நீளம் மண்ணுக்குள் போகும்படி அடித்து இறக்கவும். அவற்றின் ஊடே வளையும் கிளைகளைப் பின்னவும். இரண்டு நுனிகளையும் பக்கக் கரைக்குள் குறைந்தது 40 செ.மீ. வெட்டிப் புதைக்க வேண்டும். நடுப்பகுதி ஓரங்களைவிட 15 முதல் 20 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். தடுப்பின் கீழ்ப்பக்கம் தண்ணீர் விழும் இடத்தில் தலையளவு கற்களை அடுக்கவும். அடுத்த தடுப்பை எங்கே போடுவது? கீழ்த்தடுப்பின் தலை, மேல்தடுப்பின் காலுக்குச் சமமட்டத்தில் வரும் இடத்தில்.

இதில் எப்போதும் நடக்கும் தவறு, மேல்விளிம்பைச் சமமாக விடுவது. தண்ணீர் நடுவில் போக வழியில்லாமல் ஓரத்தைச் சுற்றி அறுக்கும். ஒரே மழையில் தடுப்பு தனியாக நிற்கும், பள்ளம் இரண்டாகிவிடும்.

ஓடைக்குள் விழுந்து கிடக்கும் பழைய மரத்தை எடுக்காதீர்கள். அதன் பின்னால் மணல் தங்குகிறது, மீனும் தவளையும் ஒதுங்குகின்றன. கீழே நெருக்கத்தில் சிறுபாலம் இருந்து அடைத்துக்கொள்ளும் என்றால் மட்டும் வெட்டித் துண்டாக்கிக் கரையேற்றலாம்.

எடுக்கும் வரிசை

மேலிருந்து கீழே வாருங்கள். விதை தண்ணீரோடு இறங்குகிறது, கீழிருந்து தொடங்கினால் செய்த இடத்துக்கே மறுபடி வந்து சேரும். அதேபோல் சோலை நன்றாக இருக்கும் இடத்தின் விளிம்பில் தொடங்கி வெளியே நகருங்கள். மிக மோசமான இடத்தில் முதலில் பாய்வது மனதுக்கு நிறைவு தரும், ஆனால் ஆள்பலமெல்லாம் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு வருடத்தில் எவ்வளவு நீளம் எடுப்பது என்பதற்கு ஒரே அளவு: அடுத்த ஐந்து வருடம் தவறாமல் வந்து களைபிடுங்க முடிகிற நீளம்.

உண்ணிச்செடி 1,800 மீட்டருக்குக் கீழேதான் பெரிய தொல்லை. தரையோடு வெட்டினால் தூரிலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் உருவாக்கிய முறைதான் கைகொடுக்கிறது: மண்மட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே, துளிர்விடும் முடிச்சு முடியும் இடத்துக்கு அடியில் ஆணிவேரைக் கொத்தால் ஒரே வெட்டில் அறுத்து, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. மண் முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை, கரை கலையாது. பழம் பிடிக்கும் முன் செய்ய வேண்டும். கொண்டைக்குருவி உட்காரும் மரங்களின் அடியில்தான் மறுபடி முளைக்கும்; அந்த இடங்களைக் குறித்து வைத்து மழைக்குப் பின் போய்ப் பிடுங்குங்கள்.

ஆரஞ்சுப் பூப் பூக்கும் செஸ்ட்ரம் என்ற புதர், குன்னூரிலிருந்து மேலே ஓடையோரத்தின் முதல் எதிரி. நிழலிலும் வளரும், வெட்டிய தண்டு ஈர மண்ணில் கிடந்தால் வேர்விடும். எனவே பிடுங்கியதை ஓடையோரத்தில் போடாமல், வேர் மேலே பார்க்கும்படி கற்கள் அல்லது கிளைப் பரண்மேல் காயப்போடுங்கள். மாட்டுக்கு நஞ்சு, மேய்ச்சல் வழியில் விடாதீர்கள்.

யூபடோரியம் என்ற களைச்செடி வேறு விதம். ஈர மண்ணில் கையாலேயே வேரோடு வரும், ஆனால் வெளிச்சம் இருக்கும் வரை ஒரே பருவத்தில் திரும்ப மூடும். கோடைக்கு முன் பூத்துக் காற்றில் விதை பரப்பும் என்பதால் டிசம்பருக்குள் ஒரு சுற்றுப் பிடுங்கி முடிக்க வேண்டும். இதற்கு உண்மையான மருந்து நிழல்தான். மேலே இலை மூடிய இடத்தில் அது தானே மெலிந்து போகும்.

சீகைக்கு வருவோம். மேல்விதானத்தில் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. இரண்டு வருட இடைவெளி விட்டு அடுத்த பங்கு. பட்டை உரித்து நின்றபடி சாகவிடுவதுதான் கரைக்கு நல்லது. மழைக்காலத்தில் பட்டை எளிதாக உரியும். இடுப்பு உயரத்திலிருந்து தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை, வேர்க்கழுத்தையும் சேர்த்து, சுற்றிலும் முழுவதுமாக உரிக்க வேண்டும். ஒரு விரலகலப் பட்டை விட்டுப்போனால் மரம் பிழைத்துக்கொள்ளும். மரம் மெல்ல இலை உதிர்க்கும், அடியிலுள்ள கன்றுக்கு வெளிச்சம் படிப்படியாகக் கூடும். பாதை, வீடு, மின்கம்பி அருகில் மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், காய்ந்த மரம் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. இலை வெள்ளி பூத்தாற்போல் இருக்கும் சீகை வகை வேரிலிருந்தும் துளிர்விடும். அதில் அவசரப்படாமல், அடியில் சோலைக் கன்று ஆள் உயரம் வந்தபின் கைவையுங்கள்.

கரை விளிம்பிலேயே சாய்ந்து நிற்கும் சீகையை முதலில் எடுக்க வேண்டும். மேலோட்டமான வேர், புயல்மழையில் விழும்போது கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். அடியில் வெட்டுங்கள், தூரைத் தோண்டாதீர்கள். வேர் மக்கும் வரை மண்ணைப் பிடித்திருக்கும்.

கழிவைக் கொளுத்தவே கூடாது. சீகை விதையின் கெட்டி ஓட்டை உடைத்து முளைக்க வைப்பது சூடுதான். களைக்கொல்லியும் வேண்டாம்: கீழே அந்த ஓடையையே ஊர் குடிக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் ஓடைவரை செடி இருந்தால் கடைசி நான்கைந்து வரிசையைப் பிடுங்காதீர்கள். அவற்றின் வேர்தான் இப்போதைக்குக் கரை. அந்த வரிசைகளில் கவாத்து, உரம், மருந்தடிப்பை நிறுத்தி, இடையிடையே சோலைக் கன்று நடுங்கள். கவாத்து இல்லாத தேயிலை உயர்ந்து நல்ல துணைநிழலாகும். நான்கைந்து வருடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்கலாம். சிறு ஓடைக்கு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 10 மீட்டர் விடுங்கள், சரிவு கடுமையானால் 20.

என்ன நடுவது

பட்டியலை அதே உயரத்தில், அதே மழைப்பக்கத்தில் இருக்கும் நல்ல சோலையிலிருந்து எடுக்க வேண்டும். கூடலூர்க் கன்று ஊட்டியில் பிழைக்காது.

1,800 மீட்டருக்கு மேல் மலை நாவல் வகைகள், விக்கி (உருத்திராட்ச இன மரம்), காட்டுச் சண்பகம், காட்டு லவங்கம், லிட்சியா வகைகள். ஈரம் நிரந்தரமாக உள்ள நிழலில் மரப்பெரணி. சோலை முடிந்து புல் தொடங்கும் விளிம்பில் காட்டுப்பூவரசும் தவிட்டுப்பழமும். தண்ணீரைத் தொடும் இடத்துக்கு ஆற்றுப்பாலை. கீழே பர்லியார், கல்லாறு, மாயாற்றுப் பக்கம் நீர்மருது, புங்கன், நாவல், அத்தி, இலுப்பை, நொச்சி, பாறையிடுக்கில் காட்டலரி. இடைப்பட்ட உயரத்தில் வெட்டவெளி இருந்தால் வட்டக்கண்ணி விரைவாக வளர்ந்து முதல் நிழலைத் தரும்.

சோலை விதையைச் சேமித்து வைக்க முடியாது. நாவல், லிட்சியா, லவங்கம் போன்றவை காய்ந்தால் சில வாரங்களில் உயிர் போய்விடும். பழுத்து விழுந்ததைப் பொறுக்கி, அன்றே சதையைக் கழுவி, தண்ணீரில் மிதப்பதைத் தள்ளிவிட்டு, மறுநாளே விதைக்க வேண்டும். பத்துத் தாய்மரத்துக்குக் குறையாமல் சேகரியுங்கள், ஒரு மரத்தடியில் கிடப்பதில் கால்பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். விக்கி விதையின் ஓடு கல் மாதிரி. ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். முளைக்கவில்லை என்று பாத்தியைக் கொட்டிவிடுவது வழக்கமான தவறு.

பை மண்ணுக்கு இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய உரம். இதோடு அந்தச் சோலையின் மேல்மண் ஒரு கைப்பிடி சேர்த்தால் வேரோடு வாழும் பூஞ்சை வந்து சேரும். கூடையளவு அள்ள வேண்டாம். சோலைக் கன்றுகள் நிதானமானவை, 45 செ.மீ. உயரம் வர ஒன்றரை முதல் இரண்டரை வருடம் ஆகும். எனவே வெட்டும் வேலைக்கு இரண்டு வருடம் முன்பே நாற்றங்கால் தொடங்கியிருக்க வேண்டும். நடுவதற்கு முந்தைய இரண்டு மாதம் நிழல் வலையைச் சிறிது சிறிதாக விலக்கி வெயிலுக்குப் பழக்குங்கள்.

நடவு

கரையை மூன்று பட்டைகளாகப் பாருங்கள். கரையடியில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி, ஆற்றுப்பாலைக் கொம்பு. தாழ்ந்த உயரத்தில் நொச்சி. 60 முதல் 90 செ.மீ. நீளம், கட்டைவிரல் முதல் 4 செ.மீ. வரை கனம். வெட்டிய அன்றே, மொட்டு மேல்நோக்க, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி 50 செ.மீ. இடைவெளியில் சாய்த்து அடிக்கவும். சுத்தியலால் நேரடியாக அடித்தால் தலை பிளந்து அழுகும். முதலில் கடப்பாரையால் துளையிட்டு இறக்கி, சுற்றிலும் மண்ணை மிதியுங்கள். காற்றிடைவெளி இருந்தால் வேர் வராது.

கரைச்சரிவில் 45 செ.மீ. குழி எடுக்காதீர்கள், நிறைமழையில் ஒவ்வொரு குழியும் சரிவின் தொடக்கமாகும். கடப்பாரையால் பை நுழையும் அளவுக்கு மட்டும் பிளந்து, 1 முதல் 1.5 மீட்டருக்கு ஒன்றாகப் புதர்களையும் சிறுமரங்களையும் நடுங்கள். கரைமேட்டில் வழக்கமான 45 செ.மீ. குழி, 2 முதல் 2.5 மீட்டர் இடைவெளி, வரிசை பிடிக்காமல் கலைத்து. பையின் அடியில் சுருண்ட வேர் இருந்தால் 2 செ.மீ. அறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வருடம் மரம் காற்றுக்கு ஆடிச் சாயும்.

காலம் மழைப்பக்கத்தைப் பொறுத்தது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் ஜூன் தொடக்கம். ஆனால் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியதை நினைவில் வைத்து, கரையடி வேலையை ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். கோத்தகிரி, குன்னூர் கிழக்குச் சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரியது, செப்டம்பர் கடைசியில் நடலாம். உறைபனி விழும் பள்ளத்தாக்கில் மட்டும் எந்தப் பக்கமானாலும் ஜூனிலேயே நட வேண்டும். பனிக்கு முன் ஆறு மாதம் வேர் பிடித்திருக்கும்.

உறைபனி

குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளம் என்பதே ஓடைதான். அதனால் தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் மேட்டில் பிழைக்கும் கன்று ஓடையோர வெட்டவெளியில் ஒரே இரவில் கருகுகிறது. இரவுக் குளிரைவிடவும் காலை வெயில் உறைந்த இலையில் சட்டென்று படுவதுதான் பெரிய சேதம். அதனால் கன்றின் கிழக்குப் பக்கம் ஒரு புதரோ கட்டையோ இருக்கும்படி இடம் பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை காய்ந்த புல் அல்லது பெரணி இலையால் சிறு கூடாரம் போடலாம். பிளாஸ்டிக் தாள் கூடாது. இலை அதைத் தொடும் இடத்தில் கருகும்.

முழு வெட்டவெளியானால் சோலை மரத்தை நேரடியாக நடாதீர்கள். முதலில் விராலி, குறிஞ்சி வகைகள், காட்டுப்பூவரசு. இரண்டு மூன்று வருடத்தில் அவை இடுப்பு உயரம் வந்தபின் அவற்றின் மடியில் நாவலும் விக்கியும்.

பிறகு

கன்றைச் சுற்றி 10 செ.மீ. கனத்துக்குச் சருகு போடுங்கள், தண்டைத் தொடாமல். கிகுயு புல் இருந்தால் 75 செ.மீ. வட்டம் செதுக்கி அதற்கு மேல் சருகு. அந்தப் புல் ஒரு மழைக்காலத்திலேயே கன்றை அமுக்கிவிடும். முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒருமுறை 5 லிட்டர். களை முதல் வருடம் நான்கு முறை, பிறகு மூன்று, பிறகு இரண்டு. சீகை முளையை ஒரு சாண் இருக்கும்போதே ஈர மண்ணில் பிடுங்குங்கள். முழங்காலைத் தாண்டினால் வேர் அறுந்து அடியில் நிற்கும். அந்த விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும் என்பதால், நிழல் முழுதாக மூடும் வரை இந்தச் சுற்று நிற்கக்கூடாது.

கடமானும் காட்டெருமையும் வருமிடத்தில் முள்கிளைகளைக் கன்றைச் சுற்றிக் குவிப்பது மலிவான காவல். அப்படிப்பட்ட இடத்தில் காலை எட்டரைக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் புதர் வெட்ட ஆளை அனுப்பாதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்தபின், குறித்து வைத்த இடங்களில் உயிரோடிருக்கும் கன்றுகளை எண்ணுங்கள். நூற்றுக்கு எழுபது இருந்தால் நல்லது. ஐம்பதுக்குக் கீழே போனால் அதே கன்றை மறுபடி நடாமல், செத்தது எங்கே என்று பாருங்கள்: தாழ்ந்த இடத்தில் மட்டும் என்றால் பனி, கரையடியில் என்றால் வெள்ளம், நுனி கடிபட்டிருந்தால் கடமான், எல்லா இடத்திலும் ஒரே வகை என்றால் அந்த மரம் அந்த உயரத்துக்கு உரியதல்ல. கனமழை நின்றபின் ஓடைக் கலங்கல் தெளிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். கரைமேட்டில் நட்டவையாக இல்லாமல் தானாக முளைத்த சோலைக் கன்றுகள் தென்படத் தொடங்கியதும் அந்தப் பகுதியில் நடவை நிறுத்திவிட்டு, களை பிடுங்குவதை மட்டும் தொடருங்கள். மிஞ்சும் நாற்றுகளை ஓடையின் அடுத்த 50 மீட்டருக்குக் கொண்டுபோகலாம்.